வாஸ்கோடகாமா எதைத்தான் கண்டுபிடித்தார்?

ஜூன் 11: ஒரு வாசகியின் கேள்வி

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மாதத் தேர்வில் "இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. "வழி ஏற்கெனவே இருந்தது" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். பூஜ்யம். ஒரு சிறுவர் இதழில், அரபு மாலுமி ஒருவர்தான் காமாவுக்கு வழி காட்டினார் என்று படித்தாளாம். பாடப்புத்தகம் சரியா, இதழ் சரியா? அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

ஜூன் 11, இரவு

இதழ்தான் சரி. பாப்பாவுக்கு முழு மதிப்பெண், கூடவே ஒரு சாக்லேட்.

1498 ஏப்ரலில் காமா கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்திக்கு வருகிறார். அங்கிருந்து அரபிக்கடலைக் குறுக்கே கடக்க அவருக்கு வழி தெரியாது. மாலிந்தி அரசர் ஒரு மாலுமியைத் துணைக்கு அனுப்புகிறார். அவர்தான் இபன் மஜித், கடலோடிகளுக்குக் கையேடே எழுதியவர். அவர் வழி காட்ட, இவர் "கண்டுபிடித்தார்". பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்து வந்து இறங்கிய விருந்தாளி, "உங்கள் வீட்டை நானேதான் கண்டுபிடித்தேன்" என்று பீற்றிக்கொள்கிற மாதிரி.

இருபது வருடமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். இந்த ஆட்டோ கதையை வருடா வருடம் சொல்வேன், பிள்ளைகளும் வருடா வருடம் சிரிப்பார்கள்.

ஜூன் 12, காலை

"இபன் மஜித் என்பதற்கு என்ன ஆதாரம் சார்?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் போச்சு. எழுந்து என்னிடம் இருக்கிற புத்தகங்களைப் புரட்டினேன். நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

காமாவின் கப்பலில் இருந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அல்வாரோ வெல்யோ எழுதியது என்பார்கள். அதில் அந்த மாலுமிக்குப் பெயரே இல்லை. "கிறிஸ்தவ மாலுமி" என்று மட்டும் இருக்கிறது. அப்போது போர்ச்சுகீசியர்களுக்கு முஸ்லிமாகத் தெரியாத எல்லோரும் கிறிஸ்தவர்களே, அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிற்பாடு எழுதிய போர்ச்சுகீசிய வரலாற்று ஆசிரியர்கள், அவர் குஜராத்தி முஸ்லிம், பெயர் மாலெமோ கானா என்கிறார்கள். இன்னொருவர் கனாக்வா என்று எழுதுகிறார். இது பெயரே இல்லை. மாலெமோ என்பது அரபியில் மாலுமியைக் குறிக்கும் முஅல்லிம். கனாக்வா என்பது கணித்துச் சொல்பவர், நம் கணக்கன் கணியன் வகையறா. "டிரைவர் மேஸ்திரி" என்று கூப்பிட்டதைப் பெயர் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இபன் மஜித் எங்கிருந்து வந்தார்? மெக்காவில் இருந்த நஹ்ரவாலி என்ற வரலாற்றாசிரியர் பல பத்தாண்டுகள் கழித்து அப்படி எழுதினார். அதிலும், மஜித் குடிபோதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்று! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்ரியேல் ஃபெராண்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை எடுத்து எழுதியதும் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. மாலிந்தியில் ஒரு வாடகை மாலுமியாகக் கப்பல் ஏறுகிற ஆள் இல்லை அவர்.

அப்போ இருபது வருடமாக நான் சொன்ன ஆட்டோவின் டிரைவரே வேறு ஆள்.

ஜூன் 12, மதியம்

"குஜராத்தி என்றால் கஞ்சி மாலம்தானே? கட்ச் மாண்ட்வி ஊர்க்காரர்" என்று ஒரு தம்பி கேட்கிறார். குஜராத்தில் அப்படி ஒரு பெயர் பிரபலம், நானும் படித்திருக்கிறேன். ஆனால் காலையில் எழுதியதையே பாருங்கள்: மாலெமோ மாலம் ஆகிவிட்டார், கானா கஞ்சி ஆகிவிட்டார். இரண்டு பட்டங்களை ஒட்டி ஒரு மனிதரைச் செய்து, அவருக்கு ஊரும் கொடுத்தாச்சு.

அவர் குஜராத்தி என்பது வரை நான் போவேன். அதற்கு மேல் நகரமாட்டேன்.

ஜூன் 13

பெயரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். பாப்பாவுக்கு இதைக் காட்டுங்கள்.

மாலிந்தியில் புறப்பட்டது ஏப்ரல் 24. மே 18 அன்று மலபார் மலைகள் தெரிகின்றன. நடுவில் 23 நாள் கரையே தென்படவில்லை, ஆனாலும் நேராக வந்து சேர்ந்துவிட்டார்கள். மாலுமி கூட இருந்தார், தென்மேற்குக் காற்றும் கிளம்புகிற நேரம்.

திரும்பிய கதை வேறு. ஆகஸ்ட் 29 அன்று கள்ளிக்கோட்டையை (இன்றைய கோழிக்கோடு) விட்டுக் கிளம்புகிறார்கள். காற்று திரும்பும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கார்வார் பக்கத்தில் இருக்கிற அஞ்சதீவில் இருந்து அக்டோபர் 5 அன்று நடுக்கடலுக்குள் இறங்கியவர்கள், ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தது ஜனவரி 2 அன்று. மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு. காற்று நின்று நின்று வீசியது, எதிரிலும் அடித்தது. ஈறு வீங்கிப் பல் மறைந்து, கால் வீங்கி முப்பது பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்ய ஏழெட்டுப் பேர்தான் தேறினார்கள். கடைசியில் மூன்று கப்பலை ஓட்ட ஆள் போதாமல் சாவோ ரஃபேல் கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டார்கள்.

அதே கடல், அதே கப்பல், அதே காமா. வரும்போது 23 நாள், திரும்பும்போது மூன்று மாதம். இந்த ஒரு கணக்கு பாடப்புத்தகத்தில் இருந்தால் "கண்டுபிடித்தார்" என்ற சொல் தானாக விழுந்துவிடும். நான் படித்த புத்தகத்தில் திரும்பிய பயணமே இல்லை. வந்தார், முடிந்தது. எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஜூன் 13, இரவு

சாமூதிரியும் ஜாமோரினும் ஒருவரா என்று கேட்டவருக்கு: ஒருவரே. அது கள்ளிக்கோட்டை அரசரின் பட்டப்பெயர், ஆள் பெயர் இல்லை. எட்டாம் வகுப்பில் நான் இருவர் என்று நினைத்து, ஒரு ராஜா வரவேற்றார், இன்னொரு ராஜா சண்டை போட்டார் என்று விளக்கமாக எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் போட்டார்கள்.

ஜூன் 14

படங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. சின்ன வயதில் எனக்கு மனசில் பதிந்தது எழுத்து இல்லை, படம்தான். தொப்பியும் அங்கியுமாகக் காமா நிமிர்ந்து நிற்பார், ராஜா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார். இந்த வகைப் படங்களில் உலகம் முழுக்கச் சுற்றுவது வெலோசோ சல்காடோ என்ற போர்ச்சுகீசிய ஓவியர் வரைந்தது. வருடம் 1898. சம்பவம் நடந்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாடிய நேரம். நாம் நேரில் பார்த்தவன் வரைந்தது மாதிரி எடுத்துக்கொண்டோம்.

நேரில் பார்த்தவர் எழுதியது இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. சாமூதிரி பச்சை வெல்வெட் விரித்த கட்டிலில் சாய்ந்திருக்கிறார், கையில் பெரிய தங்கப் படிக்கம். வெற்றிலை மென்று துப்பிக்கொண்டே பேசுகிறார். வந்தவர்களுக்குப் பலாவும் வாழைப்பழமும் கொடுத்து, அவர்கள் தின்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மறுநாள் காமா பரிசுப் பொருட்களை எடுத்து வைக்கிறார். கோடு போட்ட துணி 12, சிவப்பு முக்காடு 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் பாத்திரம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். அரசரின் ஆட்கள் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். மெக்காவில் இருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட நிறையக் கொடுப்பான், கொடுப்பதானால் தங்கமாகக் கொடு என்றார்கள். மிளகு விளைகிற ஊரில், பொன் குவிகிற துறைமுகத்தில், ஆறு கழுவுபாத்திரம்! கல்யாண வீட்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோன கதை.

முதலில் அரண்மனைக்குப் போகிற வழியில் ஒரு கோயிலுக்குள் கூட்டிப்போனார்கள். இவர்கள் அது மாதா கோயில் என்று நினைத்து முழங்கால் போட்டுக் கும்பிட்டார்கள். சுவரில் இருந்த "புனிதர்களுக்கு" பல் வெளியே நீண்டு நான்கைந்து கைகள் இருந்தன என்று நாட்குறிப்புக்காரர் குறித்திருக்கிறார், சந்தேகம் மட்டும் வரவில்லை. பூசாரி நெற்றியில் இட வெள்ளை மண் கொடுக்கிறார். காமா அதை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் பூசிக்கொள்கிறேன் என்கிறார். திருநீறோ சந்தனமோ, நம் வீட்டுக்கு வருகிற மருமகன்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இதை எல்லாம் எடுத்துவிட்டுத் தொப்பியை மட்டும் வரைந்தால் பிள்ளைகள் வரலாறு போரடிக்கிறது என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்?

ஜூன் 15

காமா கோழிக்கோடு பக்கத்துக் காப்பாட்டில் இறங்கினார் என்று நேற்று ஒருவர் எழுதியதற்குப் பதில்.

நானும் போயிருக்கிறேன், குடும்பத்தோடு, கோழிக்கோட்டில் இருந்து பேருந்தில். சின்னதாக ஒரு கல்தூண், 1498-இல் வாஸ்கோடகாமா இங்கே இறங்கினார் என்று எழுத்து. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பையன் ஐஸ்கிரீம் கேட்டு அழுதது நினைவிருக்கிறது, வேறு சிலிர்ப்பு எதுவும் இல்லை.

நாட்குறிப்புப்படி, கப்பல்கள் முதலில் நங்கூரம் போட்டது காப்பாட்டு எதிரே. மாலுமி அதைக் கள்ளிக்கோட்டை என்று நினைத்துவிட்டார். (ஆமாம், நம் ஆட்டோக்காரரும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.) பிறகு கப்பல்களைப் பந்தலாயினி கொல்லத்துக்கு மாற்றினார்கள், அங்கே நங்கூரம் பாதுகாப்பு. மே 28 அன்று 13 பேரோடு காமா கரையிறங்கியது அதற்குப் பிறகுதான். அங்கிருந்து கள்ளிக்கோட்டைக்குப் போகிற வழியில் காப்பாட்டில் சாப்பாட்டுக்கு நின்றார்கள். சோறு, நிறைய வெண்ணெய், நன்றாக வேகவைத்த மீன். காமா சாப்பிடவில்லை. ஆக நான் படம் எடுத்துக்கொண்ட இடம், காமா சாப்பிடாமல் எழுந்த இடம்.

முதலில் கள்ளிக்கோட்டைக்குள் போனவரும் காமா இல்லை. ஆபத்தான வேலைக்கு என்றே சில தண்டனைக் கைதிகளைக் கப்பலில் வைத்திருந்தார்கள். அதில் ஒருவரை வேவு பார்க்க அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் அவரை துனிசில் இருந்து வந்திருந்த இரண்டு வியாபாரிகளிடம் கூட்டிப்போனார்கள். அவர்களுக்கு ஸ்பானிய மொழியும் ஜெனோவா மொழியும் தெரியும். பார்த்ததும், "உன்னைப் பேய் பிடிக்க! இங்கே எங்கே வந்தாய்?" என்று கேட்டார்களாம். கைதி சொன்ன பதில்: கிறிஸ்தவர்களையும் மிளகு மசாலாவையும் தேடி வந்தோம்.

புதிதாகக் கண்டுபிடித்த நாட்டில் முதல் ஆளை முதல் வாக்கியத்திலேயே தெரிந்த மொழியில் திட்டுகிறார்கள். இதற்கு மேல் பாடப்புத்தகத்துக்கு என்ன மறுப்பு வேண்டும்?

ஜூன் 17

இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் அதிகமாகவே கேலி செய்துவிட்டேனோ என்று இருக்கிறது.

காமா லிஸ்பனில் கிளம்பியது 1497 ஜூலை 8. கேப் வெர்டே தீவுகளை விட்டது ஆகஸ்ட் 3. அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகவில்லை. கரையோரம் எதிர்க்காற்று, எதிர் நீரோட்டம். அதனால் மேற்கே அட்லாண்டிக்கின் நடுவுக்குள் பெரிய வில் மாதிரி வளைந்து போய், தெற்கே காற்றைப் பிடித்துத் திரும்பினார். மறுபடி கரை கண்ணில் பட்டது நவம்பர் 4. மூன்று மாதம் வெறும் தண்ணீர். கொலம்பஸ் கேனரித் தீவுகளை விட்டுக் கரை பார்க்க எடுத்தது ஐந்து வாரம்தான்.

இதற்கு மாலிந்தி மாலுமி இல்லை. பத்து வருடம் முன்பு 1488-இல் டயஸ் என்ற போர்ச்சுகீசிய மாலுமி ஆப்பிரிக்க முனையைச் சுற்றியிருந்தார், அதில் கிடைத்த பாடம் இருந்தது, அதற்கு மேல் இவர்கள் துணிச்சல்.

ஆக, போர்ச்சுகீசியர்கள் உண்மையிலேயே சாதித்தது அட்லாண்டிக்கில். நாம் புகழ்வதோ, திட்டுவதோ அரபிக்கடலில். இந்தியப் பாடப்புத்தகத்தில் இந்தியாவுக்கு வந்த பகுதிதான் இருக்கும், அது இயல்பு. ஆனால் மதிப்பெண் தப்பான கடலுக்குப் போட்டிருக்கிறோம்.

என் ஆட்டோ உதாரணமும் இதில் அடிபடுகிறது. விருந்தாளி பேருந்து நிலையத்தில் இருந்துதான் ஆட்டோ பிடித்தார். அதுவரை காட்டுவழியே நடந்தே வந்திருக்கிறார். அதை நான் ஒருநாளும் பிள்ளைகளிடம் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பு வராது.

ஜூன் 18

"பருவக்காற்றையே தமிழன்தான் கண்டுபிடித்தான், புறநானூற்றில் இருக்கிறது" என்று ஒரு நீளமான பதில் வந்திருக்கிறது. எனக்கும் வாட்சப்பில் மாதம் ஒருமுறை வரும்.

பாட்டு இருக்கிறது. கரிகாலனைப் பாடும்போது வெண்ணிக் குயத்தியார், கடலில் நாவாய் ஓட்டிக் காற்றின் தொழிலை ஆண்டவனின் வழிவந்தவனே என்கிறார். அருமையான வரி. ஆனால் அதில் இருந்து "கரிகாலனின் பாட்டன் பருவக்காற்றைக் கண்டுபிடித்தான்" என்று இழுத்தால், நாம் ஹிப்பாலசுக்குச் செய்ததையே பாட்டனுக்கும் செய்கிறோம். கிரேக்க மாலுமி ஹிப்பாலஸ் பருவக்காற்றைக் கண்டுபிடித்தார் என்று நான் மனப்பாடம் செய்தவன். காற்று வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறுவது ஒருவர் கண்டுபிடிக்கிற விஷயமா? கட்டுமரத்தில் போகிற எவனுக்கும் தெரியும். ஹிப்பாலசால் தெரியவந்தது கிரேக்கர்களுக்கு. காமாவால் தெரியவந்தது லிஸ்பனுக்கு.

சிறுவர் இதழ்களும் இங்கேதான் சறுக்குகின்றன. காமாவை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் இபன் மஜித்தை உட்கார வைக்கிறார்கள், குஜராத்தில் கஞ்சி மாலத்தை, நாம் பாட்டனை. நாற்காலி அப்படியே இருக்கிறது. நானும் இருபது வருடம் அதைத் துடைத்துப் போட்டவன்தான்.

ஜூன் 18, கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கடலின் அறிவு என்ன வடிவில் இருந்தது என்று கேட்டால், ஒரு சின்னச் செவ்வகப் பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் அடி விளிம்பைத் தொடுவானத்தில் வைத்து, மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் நிற்கிறதா என்று பார்ப்பது. எந்த முடிச்சில் நிற்கிறதோ அதை வைத்து எந்த ஊருக்கு நேரே இருக்கிறோம் என்று தெரியும். அரபியில் கமால். சோழமண்டலக் கரையில் ராப்பலகை. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி எந்த வினாத்தாளிலும் வராது.

அட்டையில் வெட்டிச் செய்யலாம். நான் மொட்டைமாடியில் செய்து பார்த்தேன், வீட்டுக்காரி மேலே வந்து, "எதுக்கு நூலைக் கடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

ஜூன் 21

இதை எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். ஆனால் கேலியிலேயே முடித்தால் அது தப்பு.

என்னிடம் இருந்த போட்டித் தேர்வுக் கையேட்டில் காமாவின் இரண்டாவது வருகைக்கு ஒரே வரி: 1501, கண்ணனூரில் வணிக மையம். முதலில் வருடமே தப்பு, அவர் லிஸ்பனில் கிளம்பியதே 1502 பிப்ரவரியில். அந்த வருடம் மெக்காவில் இருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய மிரி என்ற கப்பலை மறித்தார். பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். பொருளை எடுத்துக்கொண்டு, ஆட்களை உள்ளேயே வைத்துக் கொளுத்தச் சொன்னார். நூற்றுக்கணக்கானவர்கள், பெண்கள் குழந்தைகளோடு. பெண்கள் நகைகளைக் கழற்றி நீட்டினார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். இதை எழுதியது எதிரி இல்லை, அதே படையில் இருந்த தோமே லோப்பஸ் என்ற போர்ச்சுகீசிய எழுத்தர்.

நான் இதை முதலில் படித்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை அவர் எனக்குத் தொப்பி போட்ட ஒரு நல்ல மனிதர். 1524-இல் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்தார் என்று மட்டும் சரியாகத் தெரியும், ஏனென்றால் அதுவும் ஒரு மதிப்பெண் கேள்வி.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று பாப்பாவின் அம்மா கேட்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக் காட்டியதைச் சொல்ல வேண்டாம். கப்பலைக் கொளுத்தினார் என்று சொல்லலாம். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதை அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்கிறோமே.

ஜூன் 22

ஒரு சின்னச் சேதி, நேற்றைய கனத்துக்கு மாற்றாக. மாலெமோ என்பது முஅல்லிம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாம் கப்பல்காரரைச் சொல்கிற "மாலுமி"யும் அதே அரபுச் சொல்தான். இவ்வளவு நாளாக அந்த ஆளை "மாலுமி, மாலுமி" என்று எழுதி, பெயரில்லை என்றும் அங்கலாய்த்துக்கொண்டிருந்தேன். போர்ச்சுகீசியர்கள் கூப்பிட்டது போலவேதான் நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 29

பாப்பாவுக்கு அரை மதிப்பெண் திரும்பக் கிடைத்ததாம். சந்தோஷம்.

நான் டியூஷன் நோட்டைத் திருத்திவிட்டேன். "கண்டுபிடித்தார்" என்று இருந்த இடத்தில்: அட்லாண்டிக்கைச் சுற்றி ஆப்பிரிக்க முனை வழியாக மாலிந்திக்கு வந்த காமா, அங்கே ஏறிய குஜராத்தி மாலுமி ஒருவரின் துணையோடும் தென்மேற்குப் பருவக்காற்றின் உதவியோடும் 1498 மே மாதம் கள்ளிக்கோட்டையை அடைந்தார்.

நேற்று இதைப் பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன் கை தூக்கினான்.

"சார், இது எத்தனை மார்க்?"

"ஒரு மார்க்."

"ஒரு மார்க்குக்கு இவ்வளவு எழுதணுமா சார்?"

நோட்டில் இதை எழுதிக்கொள், தேர்வில் வாஸ்கோடகாமா என்று மட்டும் எழுதிவிடு என்றேன்.